இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம்! உதவியை நம்பி எழுந்த லைபீரியாவின் கதை

2025 ஜனவரி 20. இரண்டாவது முறை அதிபராகப் பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். அடுத்த சில வாரங்களில் யுஎஸ்எய்டு திட்டங்களில் பெரும்பாலானவை ரத்தாகின. ஜூலை 1-ம் தேதி அந்த அமைப்பையே இழுத்து மூடிவிட்டார்கள்.

நாம் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்போம். லைபீரியாவால் அப்படிப் போக முடியவில்லை. தேசிய வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்க உதவியை உலகிலேயே அதிகமாக நம்பியிருந்த நாடு அதுதான். வருமானத்தில் சுமார் 2.6 சதவீதம். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால், சுகாதார பட்ஜெட்டில் கிட்டத்தட்ட பாதி அமெரிக்கப் பணம். மலேரியா மருந்து, கருத்தடை ஊசி, ஆம்புலன்ஸுக்கு எரிபொருள் என்று எல்லாவற்றிலும் அந்தப் பணம் இருந்தது. ஒரே ஆணையில் எல்லாம் தடுமாறியது.

லைபீரியாவில் போர் முடிந்தது 2003-ல். அதாவது இருபது வருஷத்துக்கும் முன்னால். அதற்குப் பிறகு ஐ.நா., உலக வங்கி, ஐஎம்எஃப், ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, ஜெர்மனி என்று வராத கை இல்லை. இத்தனை பேர் தூக்கிவிட்டும் ஒரு நாட்டால் ஏன் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை? பணம் போதவில்லையா, திருடிவிட்டார்களா, இல்லை கொடுத்த விதத்திலேயே கோளாறா? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது இந்த நாடு?

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில், தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறிய நாடு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 52 லட்சம். கால்பந்து ரசிகர்களுக்கு ஜார்ஜ் வியாவைத் தெரிந்திருக்கும். 1995-ல் உலகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், பிறகு அந்நாட்டு அதிபராகவும் ஆனார். மற்றவர்களுக்கு வேறொரு அடையாளம் சொல்லலாம். 2025 மே மாதம் கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி கரை வரை ஒதுங்கினவே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கப்பல் லைபீரியக் கொடியின் கீழ் பதிவானது. கப்பலின் முதலாளி யாராகவும் இருக்கலாம், கொடிக்குக் கட்டணம் கட்டினால் போதும். அந்தப் பதிவு அலுவலகத்தை நடத்துவதும் அமெரிக்காவில் இருக்கும் ஒரு நிறுவனம்தான்.

அமெரிக்க உறவு அந்நாடு பிறந்தபோதே தொடங்கியது. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1820-களில் கப்பலேறிப் போய்க் குடியேறிய இடம் அது. தலைநகர் மன்ரோவியாவுக்குப் பெயர் வந்ததே அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்ரோவை வைத்துத்தான். 1847-ல் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டார்கள். ஆனால், வந்தேறிய சிறு கூட்டம் மண்ணின் மக்களை 130 ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டது. 1980-ல் சாமுவேல் டோ என்ற ராணுவ வீரர் ஆட்சியைக் கவிழ்த்தார். 1989 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சார்லஸ் டெய்லரின் படை எல்லை தாண்டி வந்தது. இடையில் சிறிது ஓய்வு விட்டு, 2003 வரை இரண்டு உள்நாட்டுப் போர்கள். இறந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

போரை முடித்ததில் பெண்களின் பங்கைச் சொல்லாமல் போகக் கூடாது. வெள்ளை உடை உடுத்தி, மன்ரோவியா மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். கானா தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுபறியானபோது, லேமா போவீ தலைமையில் அந்தப் பெண்கள் அரங்கின் வாசலை மறித்து, முடிவெடுக்காமல் வெளியே விட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். 2003 ஆகஸ்ட்டில் டெய்லர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

முதல் தவணை: துப்பாக்கிக்குக் காசு

ஐ.நா. 15,000 படையினரை அனுப்ப முடிவு செய்தது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு 300 டாலர் மறுவாழ்வுத் தொகை. போராளிகள் அதிகபட்சம் ஐம்பதாயிரம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வரிசையில் வந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். வந்து சேர்ந்த துப்பாக்கிகளோ சுமார் 28,000! பசித்த ஊரில் 300 டாலர் தருகிறோம் என்றால் யார்தான் வரிசையில் நிற்க மாட்டார்? வீண்செலவு என்று இதைத் திட்டியவர்கள் உண்டு. ஆனால், அதற்குப் பிறகு அந்த நாடு மறுபடி போருக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த அமைதிப்படைக்குள் நம்ம ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. 2007 தொடக்கத்தில் சிஆர்பிஎஃப் அமைப்பைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பெண் காவலர்கள் மன்ரோவியாவில் போய் இறங்கினார்கள். முழுக்கப் பெண்களே கொண்ட ஐ.நா. காவல் அணி உலகில் அதுதான் முதல். அதிபர் அலுவலகக் காவல், இரவு ரோந்து, உள்ளூர்ப் போலீஸுக்குத் துணை என்று 2016 வரை, அணி மாறி அணியாக ஒன்பது வருஷம் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் போலீஸ் வேலைக்கு மனு போட்ட லைபீரியப் பெண்கள் அதிகமானார்கள் என்று ஐ.நா.வே பின்னர் பாராட்டியது.

யார் கையெழுத்து?

இனிதான் விஷயமே. போர் முடிந்ததும் இடைக்கால அரசு ஒன்று அமைந்தது. போரில் மோதிய குழுக்களே அமைச்சுப் பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்ட அரசு அது. உதவிப் பணமும் வந்தது, துறைமுக வருமானமும் வந்தது, ஆனால் கஜானாவில் எதுவும் தங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பும் கணக்கைத் தோண்டியபோது ஊழல் வெளியே வந்தது.

பணம் கொடுத்தவர்கள் அப்போது வைத்த நிபந்தனை, நவீன காலத்தில் ஒரு சுதந்திர நாட்டுக்கு அநேகமாக யாரும் வைக்காதது. 2005 செப்டம்பரில் கையெழுத்தான அதன் பெயர் ஆட்சி மற்றும் பொருளாதார மேலாண்மை உதவித் திட்டம், சுருக்கமாக ஜிமேப். மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம், பெட்ரோலியச் சுத்திகரிப்பு நிறுவனம், வனத்துறை போன்ற வருமானம் வரும் இடங்களில் வெளிநாட்டு நிதி நிபுணர்கள் உட்காருவார்கள். லைபீரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால் மட்டும் பணம் நகராது. பக்கத்தில் வெளிநாட்டவரும் போட வேண்டும்.

நம்ம கிராம ஊராட்சிகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் இல்லையா? அதே ஏற்பாடுதான். வித்தியாசம், இங்கே துணைத் தலைவரும் நம்ம ஊர்க்காரர், ஓட்டு வாங்கி வந்தவர். அங்கே இரண்டாவது பேனா பிடித்தவரை லைபீரிய மக்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

அவமானம் என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்துக்கு வரலாற்றுக் காரணம் இருந்தது. 1912-ல் கடன் கட்ட முடியாமல் தவித்தபோது, அமெரிக்கர் தலைமையில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி அதிகாரிகள் லைபீரியாவின் சுங்க வசூலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1926-ல் ஃபயர்ஸ்டோன் ரப்பர் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. வாடகை ஏக்கருக்கு 6 சென்ட். கூடவே 50 லட்சம் டாலர் கடனும், அதைக் கண்காணிக்க வெளிநாட்டு அதிகாரிகளும். ஆக, லைபீரியர்களுக்கு இந்த இரண்டாவது கையெழுத்து புதிதல்ல. தாத்தா காலத்துப் புண்.

ஆனால் சாதாரண மக்களில் பலர் வேறு மாதிரி யோசித்தார்கள். சம்பளம் மாதக்கணக்கில் வராத ஆசிரியருக்கு, அமைச்சரின் இறையாண்மை பறிபோவதில் என்ன வருத்தம் இருக்கப்போகிறது?

2006 ஜனவரியில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண். உலக வங்கி, சிட்டிபேங்க், ஐ.நா. எல்லாவற்றிலும் வேலை பார்த்தவர் என்பதால் பணம் கொடுப்பவர்களின் மொழி அவருக்கு அத்துப்படி. ஜிமேப்பை அவர் எதிர்க்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார். அவர் வந்தபோது அரசின் ஆண்டு வருமானம் சுமார் 8 கோடி டாலர். ஒரு நாட்டுக்கே அவ்வளவுதான்! நான்கு வருஷத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. வரி விகிதத்தை உயர்த்தியதைவிட, வழியில் ஒழுகியதை அடைத்ததே பெரிய காரணம்.

என் பார்வையில், ஜிமேப் ஓரளவு வேலை செய்ததற்கு இரண்டு காரணங்கள். அதற்கு முடிவுத் தேதி இருந்தது, 2010 வாக்கில் வெளிநாட்டவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இன்னொன்று, பணம் அரசின் கணக்கு வழியாகவே போனது. கூடவே காவல் போட்டார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த பெரும்பாலான உதவிகளுக்கு இந்த இரண்டாவது குணம் இல்லை.

டாலருக்கு மூன்று சென்ட்

கடன் விவகாரம் சுவாரஸ்யமானது. சர்லீஃப் பதவிக்கு வந்தபோது வெளிக்கடன் 450 கோடி டாலருக்கும் மேல். 8 கோடி வருமானத்தில் வட்டிகூடக் கட்ட முடியாது. 2009-ல் தனியார் கடன்காரர்களிடம் பேசி, 120 கோடி டாலர் கடனை டாலருக்கு வெறும் 3 சென்ட் கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தத் தொகையையும் உலக வங்கியும் சில நாடுகளும் கொடுத்தன. 2010 ஜூனில் ஐஎம்எஃப், உலக வங்கி, அரசுகளின் கடன்களும் ஏறக்குறைய முழுதாகத் தள்ளுபடியாயின.

நடுவில் இரண்டு நிதி நிறுவனங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 1978-ல் ஓர் அமெரிக்க வங்கி கொடுத்த கடன் கை மாறிக் கை மாறி அவர்களிடம் வந்திருந்தது. வட்டியோடு 2 கோடி டாலர் வேண்டும் என்று லண்டன் நீதிமன்றத்தில் 2009-ல் தீர்ப்பே வாங்கிவிட்டார்கள். கழுகு நிதி என்று இவர்களைச் சொல்வது சும்மா இல்லை. ஆத்திரமடைந்த பிரிட்டன், ஏழை நாடுகளிடம் இப்படி வசூலிக்க முடியாதபடி 2010-ல் சட்டமே போட்டது. பிறகு அவர்களும் மற்றவர்களைப்போல அற்பத் தொகைக்கு இறங்கி வந்தார்கள்.

காடு விஷயத்தில் கதை இவ்வளவு இனிமையாக முடியவில்லை. டெய்லர் காலத்தில் மரம் வெட்டக் கொடுத்த உரிமங்களைக் கூட்டிப் பார்த்தால், நாட்டில் இருக்கும் காட்டைப்போல இரண்டரை மடங்கு பரப்பு வந்தது. சர்லீஃப் போட்ட முதல் ஆணையே எல்லாவற்றையும் ரத்து செய்ததுதான். வெளிநாட்டு நிபுணர்கள் துணையோடு புதிய வனச் சட்டமும் வந்தது. அதே சட்டத்தில் இருந்த தனியார் நில அனுமதி என்ற ஒரு சிறிய சந்து வழியாக, 2012-க்குள் நாட்டின் பரப்பில் சுமார் நாலில் ஒரு பங்கு மறுபடி மரக் கம்பெனிகள் கைக்குப் போனது. எழுதிக்கொடுத்த நிபுணர்கள் அதற்குள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

அதிபர் மீதும் விமர்சனம் வந்தது. பதவியேற்ற நாளில் ஊழலை நாட்டின் முதல் எதிரி என்றவர், தன் மகன்களுக்கே பெரிய பொறுப்புகள் கொடுத்தார். 2011-ல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட லேமா போவீ, மறு வருஷமே இதைப் பகிரங்கமாகக் கண்டித்து நல்லிணக்கக் குழுப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அணை வந்தது, மீட்டர் வரவில்லை

மன்ரோவியாவுக்கு மின்சாரம் கொடுத்த மவுன்ட் காபி அணையில் 1990-லேயே சண்டை புகுந்தது. மதகைத் திறக்க ஆள் இல்லாமல் வெள்ளம் அணையை உடைத்தது. செம்புக் கம்பி வரை உருவிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை தெருவிளக்கைப் பார்க்காமலே வளர்ந்தது. 2006 ஜூலை 26, சுதந்திர தினத்தன்று ஜெனரேட்டர் வைத்துச் சில தெருக்களில் விளக்கு எரிந்தது பெரிய திருவிழா.

அணையை மீண்டும் கட்ட நார்வே, ஜெர்மனி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஆகியவற்றோடு அமெரிக்காவும் பணம் போட்டது. அமெரிக்காவின் மில்லினியம் சேலஞ்ச் அமைப்பு மட்டும் 2015-ல் 25.7 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதில் பெரும்பகுதி மின்சாரத்துக்கு. 2016 டிசம்பரில் முதல் டர்பைன் சுழன்றது. பழைய அணை 64 மெகாவாட், புதியது 88. உதவிப் பணம் சாதித்ததற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது, நாடா வெட்டியாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு.

சரி, மின்சாரம் யார் வீட்டுக்குப் போனது? அணைக்கு வந்த வேகத்தில் கம்பத்துக்கும் மீட்டருக்கும் பணம் வரவில்லை. முறைப்படி இணைப்பு கேட்டவர்கள் காத்துக் கிடந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? கொக்கி போட்டார்கள். கனடா நிறுவனம், பிறகு அயர்லாந்து நிறுவனம் என்று மின்வாரியத்தை நடத்தவே வெளியாட்களைக் கொண்டுவந்தும், ஒரு கட்டத்தில் விநியோகமான மின்சாரத்தில் பாதிக்கு மேல் காசாகவில்லை. காசு வராத வாரியத்தால் புதுக் கம்பி இழுக்க முடியாது. கம்பி இல்லாததால் இன்னும் கொக்கி. கூடவே, கோடையில் ஆறு வற்றினால் அணையும் படுத்துவிடும், பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது.

எபோலா கேட்ட கேள்வி

2014 மார்ச்சில் எபோலா நுழைந்தபோது, நாற்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் சுமார் 50 மருத்துவர்கள்தான் இருந்தார்கள். பத்து வருஷமாகச் சுகாதாரத்துக்கு உதவி வந்துகொண்டிருந்த நாடு! எங்கே போனது அந்தப் பணம்? பெரும்பகுதி யாரும் திருடவில்லை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகக் கிளினிக்குகளை நடத்தியது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைத்தது, மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் சம்பளப் பட்டியல், மருந்துக் கிடங்கு, கணக்கு எல்லாம் அவர்களிடம். சுகாதார அமைச்சகத்தின் கையில் தங்கியது கொஞ்சம். ஊழலுக்குப் பயந்து அரசைச் சுற்றிக்கொண்டு போன பணம், அரசு கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சுமார் 10,600 பேருக்கு நோய், 4,800 பேருக்கு மேல் மரணம். இறந்தவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் ஏராளம். அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கா மூவாயிரம் வீரர்கள் வரை அனுப்ப அறிவிப்பு வெளியிட்டு, 11 சிகிச்சை மையங்களைக் கட்டியது. அவை தயாரானபோது தொற்று ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த 11 மையங்களிலும் சேர்த்து சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர்தான், ஒன்பது மையங்களுக்கு ஒருவர்கூட வரவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் பின்னர் எழுதியது. அதற்கு முன்பே கிராமத்துப் பெரியவர்கள், உள்ளூர் இளைஞர்கள் வீடு வீடாகப் போய், பிணத்தைக் குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியிருந்தார்கள். அதற்காக வெளியுதவி தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரிசோதனைக் கூடங்களும் பாதுகாப்பு உடைகளும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தன.

அரசு வழியாகவே கொடுக்கும் முயற்சியும் நடந்தது. யுஎஸ்எய்டே 2011-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது: அமைச்சகம் முதலில் தன் காசில் வேலையைச் செய்யட்டும், கணக்குக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், கையில் காசே இல்லாத அமைச்சகம் முதலில் எதை எடுத்துச் செலவு செய்யும்? மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனாலும் பில் எழுதவும் கணக்கு முடிக்கவும் அமைச்சக ஊழியர்களே கற்றுக்கொண்டார்கள். இந்த மாதிரித் திட்டங்கள் மொத்த உதவியில் சிறு துண்டு என்பதுதான் வருத்தம்.

இப்போது?

ஐ.நா. படை 2018 மார்ச்சில் கிளம்பிவிட்டது. 2018-லும் 2024-லும் ஆட்சி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சண்டையில்லாமல் மாறியது. 2023 தேர்தலில் ஜார்ஜ் வியா மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார், தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளி ஜோசப் போகாயை வாழ்த்தினார். அந்தப் பகுதியில் ராணுவப் புரட்சிகள் வரிசை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. போர்க்குற்றங்களுக்கு லைபீரிய மண்ணில் இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. டெய்லருக்கு 50 ஆண்டுச் சிறை கிடைத்ததும் பக்கத்து சியரா லியோனில் செய்த குற்றங்களுக்குத்தான். தனி நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்தை உருவாக்கும் ஆணையில் போகாய் 2024 மே மாதம் கையெழுத்திட்டார். அதற்கும் பணம் வேண்டும், யார் தருவார்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.

8 கோடி டாலரில் தடுமாறிய நாட்டின் 2025 பட்ஜெட் சுமார் 88 கோடி டாலர். இருபது வருஷத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் அமெரிக்கா விட்டுச்சென்ற சுகாதார ஓட்டையை அடைக்க அதிலிருந்து எவ்வளவு எடுப்பது, சாலையிலிருந்தா, பள்ளியிலிருந்தா என்ற முடிவு இப்போது நிதி அமைச்சரின் மேஜையில் இருக்கிறது. இந்த முறை பக்கத்தில் இரண்டாவது பேனாவோடு யாரும் இல்லை. தொண்டு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த செவிலியர்களை அரசுப் பட்டியலில் ஏற்றுவதா, அதற்கு எத்தனை மாதம் ஆகும், அதுவரை அந்த கிளினிக்குகளைத் திறந்துவைப்பது யார் என்பதையும் அதே மேஜைதான் சொல்ல வேண்டும்.